ஆக்ஸ்போர்டில் எகனாமிக்ஸ் - மேனேஜ்மென்ட்: ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்கு அங்கே என்னதான் படிக்கிறார்கள்?

ஆக்ஸ்போர்டு என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் முதலில் வருவது பெருமை. மறுநாள் வருவது கணக்கு. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா, ஊரில் இருக்கும் நிலத்தைக் கொடுத்துவிடலாமா, 'படிச்சு முடிச்சா பவுண்ட்ல சம்பளம் வரும், அப்புறம் கடனை அடைச்சிடலாம்ல?' என்று பேச்சு நீளும்.

இந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபடும் கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே போய் அந்த மூன்று வருஷமும் தினமும் என்ன செய்வார்கள்?

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதற்கு மிகக் கடினமான இளநிலைப் படிப்புகளில் ஒன்று 'எகனாமிக்ஸ் அண்ட் மேனேஜ்மென்ட்'. மாணவர்கள் சுருக்கமாக 'இ அண்ட் எம்' என்பார்கள். நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்தாறு பேருக்குத்தான் இடம். பெயரைப் பார்த்தால் பி.பி.ஏ.வின் வெளிநாட்டு வெர்ஷன் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. விண்ணப்பிக்கும் முன், முக்கியமாகப் பணம் புரட்டும் முன், தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன படிப்பு?

மூன்று வருட பி.ஏ. பட்டம். எகனாமிக்ஸ் பகுதியைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையும், மேனேஜ்மென்ட் பகுதியை சயீத் பிசினஸ் ஸ்கூலும் சேர்ந்து நடத்துகின்றன. சயீத் பிசினஸ் ஸ்கூல் 1996ல் தொடங்கப்பட்டது. 800 ஆண்டுகளுக்கு மேல் பழமையான பல்கலைக்கழகத்தில் அது நேற்று வந்த பிள்ளை.

ஒரு சுவாரஸ்யமான தகவல்: ஆக்ஸ்போர்டில் 'எகனாமிக்ஸ் மட்டும்' என்று ஓர் இளநிலைப் பட்டமே கிடையாது. தத்துவம், அரசியலோடு சேர்த்துப் படிக்கலாம். அதுதான் 1920களிலிருந்து இருக்கும் புகழ்பெற்ற பி.பி.இ. வரலாற்றோடு சேர்த்துப் படிக்கலாம். அல்லது மேனேஜ்மென்ட்டோடு. தனியாகப் படிக்க முடியாது.

முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடங்கள்தான். பொருளாதார அறிமுகம், மேலாண்மை அறிமுகம், நிறுவனங்களின் நிதி என மூன்று தாள்கள். இரண்டாம், மூன்றாம் வருடங்களில் விருப்பப் பாடங்கள் வரும்.

இதில் இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பாடத்திட்டத்துக்குள் கட்டாய இன்டர்ன்ஷிப் இல்லை. வாராவாரம் பிரசன்டேஷன், குரூப் புராஜெக்ட் என்று ஓடும் படிப்பும் இல்லை. 'பிசினஸ் எப்படிச் செய்வது' என்று கற்றுத் தருவதும் இதன் நோக்கம் இல்லை. நிறுவனங்களும் சந்தைகளும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று கேட்கும் படிப்பு இது.

பல்கலைக்கழகம் எது, கல்லூரி எது?

இங்கேதான் நம்மூர் ஆட்களுக்குக் குழப்பம். அண்ணா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் போல ஆக்ஸ்போர்டை நினைத்துக்கொண்டால் பாதிதான் சரி.

லெக்சர் நடத்துவது, பாடத்திட்டம் போடுவது, பரீட்சை வைப்பது, பட்டம் தருவது எல்லாம் பல்கலைக்கழகம். மாணவரைத் தேர்ந்தெடுப்பது, தங்க அறை தருவது, வாரந்தோறும் உட்கார வைத்துப் பேசுவது எல்லாம் கல்லூரி. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் பட்டம் ஒன்றுதான், கேள்வித்தாளும் ஒன்றுதான். ஆக்ஸ்போர்டில் 30க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. எல்லாவற்றிலும் இ அண்ட் எம் கிடையாது. விண்ணப்பத்தில் ஒரு கல்லூரியைக் குறிப்பிடலாம். 'எதுவானாலும் ஓகே' என்றும் விட்டுவிடலாம். குறிப்பிட்ட கல்லூரிக்குப் பதில் இன்னொரு கல்லூரி இடம் தருவதும் சகஜம்.

உதாரணத்துக்கு, ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் யுனிவர்சிட்டி காலேஜ். பெயரே அதுதான். மாணவர்கள் 'யுனிவ்' என்று கூப்பிடுவார்கள். தன் தொடக்கத்தை 1249ம் ஆண்டிலிருந்து கணக்கிடும் கல்லூரி. லண்டனில் இருக்கும் யு.சி.எல்.லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது 1826ல் தொடங்கப்பட்ட தனிப் பல்கலைக்கழகம்.

யுனிவுக்கும் பொருளாதாரத்துக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடித்தளம் போட்ட 1942ம் ஆண்டு அறிக்கையை எழுதிய வில்லியம் பெவரிட்ஜ் அப்போது இந்தக் கல்லூரியின் தலைவர். அவரிடம் ஆய்வு உதவியாளராக இருந்து, இதே கல்லூரியில் ஆசிரியராகவும் பணியாற்றிய ஹெரால்டு வில்சன் பிற்பாடு பிரிட்டன் பிரதமரானார்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

வருடத்துக்கு மூன்று டெர்ம்: மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி. ஒவ்வொன்றும் எட்டே வாரம். மொத்தம் 24 வாரம்தான் வகுப்பு. கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால் அந்த எட்டு வாரமும் மூச்சுவிட நேரம் இருக்காது. வாரத்துக்கு 40 மணி நேர உழைப்பு என்பது சாதாரணம். அதில் லெக்சர், வகுப்பு என்று போவது கொஞ்சம்தான். மீதி நேரம் நூலகத்தில், தனியாக.

இதற்கெல்லாம் மையம் 'டியூட்டோரியல்'. இரண்டு அல்லது மூன்று மாணவர்கள், எதிரே ஓர் ஆசிரியர், ஒரு மணி நேரம். முந்தைய வாரமே ஒரு கேள்வியும் படிக்க வேண்டியவற்றின் பட்டியலும் கைக்கு வந்திருக்கும். படித்து, கட்டுரை எழுதி அல்லது கணக்குகளைப் போட்டு, முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் பாடம் நடத்த மாட்டார். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

எப்படி இருக்கும்? ஒரு மாதிரி பார்க்கலாம்.

இந்த வாரக் கேள்வி: குறைந்தபட்ச ஊதியத்தை அரசு உயர்த்தினால் வேலைவாய்ப்பு குறையுமா?

மாணவி எழுதியிருக்கிறார்: 'ஆம். எந்தப் பொருளானாலும் விலை கூடினால் அதை வாங்குவது குறையும். உழைப்பும் அப்படித்தான். கூலி கூடினால் முதலாளிகள் ஆள் எடுப்பதைக் குறைப்பார்கள்.'

ஆசிரியர் முதல் கேள்வியைப் போடுகிறார்: "அப்படியானால் நியூ ஜெர்சியில் ஏன் குறையவில்லை?"

இது நிஜமாக நடந்த ஆய்வு. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்ச ஊதியத்தை 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இரண்டு மாநிலங்களிலும் உள்ள ஃபாஸ்ட் ஃபுட் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நியூ ஜெர்சியில் வேலைகள் குறையவில்லை என்று 1994ல் வெளியிட்டார்கள். கார்டுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது.

மாணவி அதைப் படித்திருக்கிறார். "அந்த ஊரில் ஆள் எடுக்கும் முதலாளிகள் சில பேர்தான் இருந்தால், அவர்கள் ஏற்கெனவே கூலியை அமுக்கி வைத்திருப்பார்கள். அப்போது கூலியை உயர்த்தினால் இன்னும் நிறைய பேர் வேலைக்கு வரலாம்" என்கிறார்.

"சரி. ஆனால் ஒரு ஊரில் எத்தனையோ ஃபாஸ்ட் ஃபுட் கடைகள் இருக்கின்றன. 'சில முதலாளிகள்தான்' என்று எப்படிச் சொல்கிறாய்?"

இப்போது மாணவி தடுமாறுவார். பஸ் செலவா? புது வேலை தேட ஆகும் நேரமா? கடைகள் அதிக ஊதியச் செலவைப் பர்கர் விலையில் ஏற்றிவிட்டதா? பக்கத்தில் இருக்கும் இன்னொரு மாணவர் வேறொரு காரணம் சொல்வார். அதையும் ஆசிரியர் விட மாட்டார். ஒரு மணி நேரம் முடியும்போது 'சரியான விடை' என்று எதையும் அவர் போர்டில் எழுதித் தர மாட்டார். முதலில் எழுதிய 'ஆம்' எந்தச் சூழலில் நிற்கும், எந்தச் சூழலில் விழும் என்பது மட்டும் மாணவிக்கு விளங்கியிருக்கும்.

நோட்ஸ் இல்லை, கைடு இல்லை, 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' இல்லை. படிக்காமல் போனால் பின் பெஞ்சில் ஒளிந்துகொள்ளவும் முடியாது, ஏனென்றால் பெஞ்சே இல்லை. மூன்று வருடமும் இதுதான் திரும்பத் திரும்ப நடக்கும். சிலருக்கு இது சொர்க்கம். பன்னிரண்டு வருடம் மனப்பாடம் செய்தே முதல் ரேங்க் எடுத்தவருக்கு முதல் டெர்ம் பெரிய அடியாக இருக்கலாம்.

மேனேஜ்மென்ட்டிலும் இதே கதையா?

ஆமாம். கேள்வியின் வகை மட்டும் மாறும்.

1984ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து கலிஃபோர்னியாவில் ஒரு கார் ஆலையை நடத்தத் தொடங்கின. அதற்கு முன் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தி, தொழிலாளர் பிரச்சினைகளும் தரக் குறைபாடும் முற்றி, 1982ல் மூடிய அதே ஆலை. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த ஆலையின் பழைய தொழிலாளர்கள்தான். நிர்வாக முறை டொயோட்டாவுடையது. தரம் வெகுவாக உயர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாவற்றையும் உள்ளே இருந்தே பார்த்தது. இருந்தும் தன் மற்ற ஆலைகளுக்கு அந்த முறையைக் கொண்டுபோகப் பல வருடங்கள் திணறியது.

கண் முன்னால் திறந்து வைத்திருக்கும் ரகசியத்தைப் போட்டியாளரால் ஏன் காப்பியடிக்க முடியவில்லை? மேனேஜ்மென்ட் பாடம் இந்த மாதிரிக் கேள்விகளில் நிற்கிறது. எகனாமிக்ஸ் சமன்பாட்டோடு வரும். மேனேஜ்மென்ட் பழக்கம், அதிகாரம், நம்பிக்கை என்று மனிதர்களோடு வரும். இரண்டையும் ஒரே வாரத்தில் எழுத வேண்டியிருப்பதுதான் இந்தப் படிப்பின் கஷ்டமும் ருசியும்.

பரீட்சை?

முதல் வருட முடிவில் 'பிரிலிம்ஸ்'. பாஸ் ஆக வேண்டும், ஆனால் இறுதி கிரேடில் சேராது. இறுதி கிரேடைத் தீர்மானிப்பது இரண்டாம், மூன்றாம் வருடங்களில் படித்தவை. அவற்றின் பெரும்பகுதி மூன்றாம் வருட முடிவில் ஒரே மூச்சில் எழுதும் 'ஃபைனல்ஸ்'. நம்மூர் மாதிரி ஒவ்வொரு செமஸ்டரிலும் மார்க்கைச் சேர்த்துக்கொண்டு போகும் வசதி இல்லை. டெர்ம் தொடக்கத்தில் கல்லூரி வைக்கும் மாதிரித் தேர்வுகள் உண்டு. அவை எச்சரிக்கை மணி மட்டுமே.

பரீட்சைக்குக் கறுப்பு அங்கி அணிந்துதான் போக வேண்டும். அங்கியில் ஒரு கார்னேஷன் பூ குத்திக்கொள்வது மாணவர்களின் வழக்கம். முதல் பரீட்சைக்கு வெள்ளை, நடுவில் பிங்க், கடைசிப் பரீட்சைக்குச் சிவப்பு. இன்ஸ்டாகிராமில் பார்க்கும் அந்தப் படங்களுக்குப் பின்னால் இருப்பது மூன்று வருட உழைப்பின் கணக்குத் தீர்ப்பு.

உள்ளே நுழைவது எப்படி?

- விண்ணப்பம்: பிரிட்டனின் பொது விண்ணப்பத் தளமான யூகாஸ் வழியாக. மற்ற பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி வரை நேரம் இருக்கும். ஆக்ஸ்போர்டுக்கு அக்டோபர் 15. அதாவது சேருவதற்கு ஒரு வருடம் முன்பே. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க முடியாது.
- கணக்கு கட்டாயம்: பிரிட்டன் மாணவர்களுக்கான ஏ-லெவல் நிபந்தனை ஒரு ஏ ஸ்டார், இரண்டு ஏ. பள்ளியில் எகனாமிக்ஸ் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. கணக்கு இல்லாமல் வழியே இல்லை. காமர்ஸ் குரூப்பில் பிசினஸ் மேத்ஸோ கணக்கோ எடுக்காதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.
- நம்ம பிளஸ் டூ: எந்த போர்டு என்பதைப் பொறுத்து நிபந்தனை மாறும். ஆக்ஸ்போர்டு தன் தளத்தில் நாடு வாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. ஏஜென்ட் சொல்வதை நம்புவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்ப்பது நல்லது.
- நுழைவுத் தேர்வு: பல ஆண்டுகளாக இ அண்ட் எம்முக்கு இருந்தது டி.எஸ்.ஏ. எனப்படும் சிந்தனைத் திறன் தேர்வு. 90 நிமிடத்தில் 50 கேள்விகள். பாட அறிவைச் சோதிக்காது, வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லும். தேர்வின் பெயரும் முறையும் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே தயாராக வேண்டும்.
- நேர்காணல்: டிசம்பரில். 2020 முதல் ஆன்லைனில். விண்ணப்பித்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே இதற்கு அழைக்கப்படுகிறார்கள். முடிவு ஜனவரியில்.

மொத்த இடங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 வரை. இது ஒரு கல்லூரிக்கு இல்லை, பல்கலைக்கழகம் முழுவதுக்கும்!

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' இல்லை. 'ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்' இல்லை. நேர்காணல் என்பது ஒரு சின்ன டியூட்டோரியல்தான். இந்த மாணவரோடு மூன்று வருடம் வாராவாரம் பேச முடியுமா என்று ஆசிரியர் பார்க்கிறார்.

இந்தப் படிப்புக்கான மாதிரிக் கேள்வியாக ஆக்ஸ்போர்டே வெளியிட்ட ஒன்று: வங்கியாளர்கள் வாங்கும் சம்பளத்துக்கு அவர்கள் தகுதியானவர்களா? அந்தச் சம்பளத்தைக் கட்டுப்படுத்த அரசு ஏதாவது செய்ய வேண்டுமா?

'ஆமாம், அவர்கள் திறமைசாலிகள்' என்று நிறுத்திவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதே அளவு படித்த, அதே அளவு புத்திசாலியான ஒருவர் வேறு துறையில் ஏன் அதில் பாதி சம்பளம்கூட வாங்கவில்லை? வங்கித் துறையில் போட்டி குறைவா? நஷ்டம் வந்தால் அரசு காப்பாற்றும் என்ற தைரியமா? போட்டி குறைவுதான் காரணம் என்றால், கட்டுப்படுத்த வேண்டியது சம்பளத்தையா, சந்தையையா? இப்படி ஒரு பதிலைத் தானே தட்டிப் பார்த்து, அடுத்த கேள்விக்கு நகர்ந்துகொண்டே இருப்பவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். தப்பாகச் சொல்லிவிட்டு, 'இல்லை, நான் சொன்னது இந்த இடத்தில் சரியில்லை' என்று திருத்திக்கொள்வது மைனஸ் பாயின்ட் கிடையாது.

சரி, கணக்குக்கு வரலாம்

வெளிநாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேல். தங்கவும் சாப்பிடவும் மாதம் சுமார் 1,400 முதல் 2,000 பவுண்டு வரை ஆகலாம். இது தவிர, மாணவர் விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம்.

ஒரு பவுண்டு 110 ரூபாய், வருடத்துக்கு ஒன்பது மாதம் மட்டும் அங்கே தங்குவது, எல்லாவற்றிலும் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொண்டால்:

- கல்விக் கட்டணம், 3 வருடம்: 1.32 கோடி ரூபாய்
- தங்குமிடம், சாப்பாடு, இதர செலவு: சுமார் 41.5 லட்சம்
- மருத்துவக் கட்டணம்: சுமார் 2.5 லட்சம்

மொத்தம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி. விசா கட்டணம், விமான டிக்கெட், லேப்டாப், ஸ்வெட்டர் எதுவும் இதில் இல்லை. பவுண்டின் மதிப்பு 10 ரூபாய் ஏறினால் மட்டும் கூடுதலாக 16 லட்சம் ஆகும்.

இதில் ஒரு கோடியை 10 சதவீத வட்டியில், 15 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 1.07 லட்சம். 22 வயதில் இதைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் வேலை தேட வேண்டியிருக்கும்.

'பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிச்சுக்கலாம்' என்ற கணக்கு இங்கே உதவாது. இளநிலை மாணவர்கள் டெர்ம் நடக்கும்போது சம்பளத்துக்கு வேலை பார்ப்பதை ஆக்ஸ்போர்டு பொதுவாக அனுமதிப்பதில்லை.

ஸ்காலர்ஷிப் கிடைக்காதா?

கிடைக்கலாம், ஆனால் கதவு மிகச் சிறியது.

- இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் முதுநிலை மாணவர்களுக்கு. பிளஸ் டூ முடித்தவர் இதை நம்பிக் காத்திருக்க முடியாது.
- தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கானது. அதுவும் முதுநிலை, பிஎச்.டி.க்குத்தான்.
- இளநிலைக்கு என்று இருப்பதில் முக்கியமானது 'ரீச் ஆக்ஸ்போர்டு'. வளரும் நாடுகளைச் சேர்ந்த, பணமோ அரசியல் சூழலோ தடையாக இருக்கும் மாணவர்களுக்கு. கட்டணம், வாழ்க்கைச் செலவு, ஆண்டுக்கு ஒரு முறை விமான டிக்கெட் எல்லாம் கிடைக்கும். உலகம் முழுவதிலிருந்தும் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே.

இங்கேயே இளநிலை முடித்துவிட்டு, உதவித்தொகையோடு முதுநிலைக்குப் போவது என்ற இன்னொரு வழியும் உண்டு. முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் ஆக்ஸ்போர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றது 1962ல். அதற்கு முன்பே பஞ்சாபில் எகனாமிக்ஸ் பட்டங்களை முடித்திருந்தார்.

படித்து முடித்தால் வேலை?

வேலை வேட்டை சீக்கிரமே தொடங்கிவிடும். லண்டன் ரயிலில் சுமார் ஒரு மணி நேரத் தூரம். அங்குள்ள வங்கிகளும் கன்சல்டிங் நிறுவனங்களும் முதல் வருட மாணவர்களுக்கு வசந்த கால அறிமுக வாரங்களும், இரண்டாம் வருடக் கோடையில் இன்டர்ன்ஷிப்பும் நடத்துகின்றன. இதற்கான விண்ணப்பங்கள் முதல் டெர்மிலேயே வரத் தொடங்கும். கட்டுரையோடு இதையும் மாணவரே பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மூர் கேம்பஸ் பிளேஸ்மென்ட் போலக் கம்பெனிகளை வரிசையாகக் கூட்டிவந்து ஆஃபர் வாங்கித் தரும் ஏற்பாடு கிடையாது.

விசா விதியும் இறுகிக்கொண்டே போகிறது. பட்டம் முடித்த பின் வேலை தேடித் தங்குவதற்கான விசா இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம்தான். அதற்குப் பிறகும் தங்க வேண்டுமென்றால் நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் விசா வேண்டும். 2025 ஜூலை முதல் அதற்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

அப்போ இது வொர்த்தா, இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, இந்தப் படிப்பு சொல்லித் தரும் கருவிகளே போதும்.

'ஆக்ஸ்போர்டில் படித்தவர்கள் நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். ஆகவே ஆக்ஸ்போர்டில் படித்தால் நல்ல சம்பளம் கிடைக்கும்.' டி.எஸ்.ஏ. தேர்வில் இந்த வாதம் வந்தால் அதில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஓட்டை இதுதான்: நூற்றில் ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அந்த ஐந்து பேர் வேறு எங்கே படித்திருந்தாலும் நன்றாகத்தானே வந்திருப்பார்கள்? சம்பளத்துக்குக் காரணம் கல்லூரியா, ஆளா?

கார்டோடு சேர்ந்து ஃபாஸ்ட் ஃபுட் கடைகளை ஆராய்ந்த அதே ஆலன் க்ரூகர், ஸ்டேசி டேல் என்பவரோடு சேர்ந்து அமெரிக்கக் கல்லூரிகளை வைத்து இதையும் ஆராய்ந்தார். 2002ல் வெளியான ஆய்வு. விண்ணப்பித்ததிலும் இடம் கிடைத்ததிலும் ஒரே மாதிரி இருந்த மாணவர்களில், கடும் போட்டியுள்ள கல்லூரிக்குப் போனவர்களையும் அவ்வளவு போட்டி இல்லாத கல்லூரிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பின்னாளைய சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு முக்கியமான விதிவிலக்கு: வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரியால் பலன் இருந்தது. அவர்களுக்கு வேறு வழியில் கிடைக்காத தொடர்புகளைக் கல்லூரி தந்திருக்கலாம்.

இதை ஆக்ஸ்போர்டுக்கும் இந்திய மாணவருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் கணக்குப் போடும் முறை பொருந்தும். ஒரு பட்டம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, திறமையை வளர்க்கிறது. இன்னொன்று, ஏற்கெனவே இருக்கும் திறமைக்கு முத்திரை குத்தி நிறுவனங்களுக்குக் காட்டுகிறது. இந்த இரண்டாவது வேலையை 1973ல் விளக்கிய மைக்கேல் ஸ்பென்ஸ் 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முத்திரை மட்டும் போதும் என்றால், அதை முதுநிலையில் பாதிக்கும் குறைவான காலத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றே முக்கால் கோடிக்கு மூன்று வருட இளநிலை எதற்கு என்று கேட்டால், நேர்மையான பதில் ஒன்றுதான்: அந்த வாராந்திர டியூட்டோரியல். வேறு எங்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காதது அது. அது பிடிக்காத பிள்ளைக்கு, அல்லது அது என்னவென்றே தெரியாமல் போகும் பிள்ளைக்கு, அந்தப் பணம் பெயருக்கான விலையாக மட்டும் ஆகிவிடும்.

பணம் கட்டும் முன் ஒரு வார டிரையல்

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செலவு பூஜ்யம்.

1. ஒரு கேள்வியை எடுக்கவும். 'மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தால் உண்மையில் யாருக்கு லாபம்?' 'ஃபுட் டெலிவரி ஆப்கள் ஏன் ஒன்றிரண்டோடு நின்றுவிட்டன?' மாதிரி.
2. மூன்று நாள் படிக்கவும். 'கோர் எகான்' என்ற குழு வெளியிட்டிருக்கும் 'தி எகானமி' பாடநூல் இணையத்தில் முழுதாக இலவசம். டி.எஸ்.ஏ.வின் பழைய கேள்வித்தாள்களும் ஆக்ஸ்போர்டு தளத்திலேயே கிடைக்கும்.
3. 1,500 வார்த்தை எழுதவும். ஆங்கிலத்தில், யாருடைய உதவியும் இல்லாமல். சாட்ஜிபிடியும் வேண்டாம், டியூட்டோரியலில் அது பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லப் போவதில்லை.
4. ஒரு மணி நேரம் பதில் சொல்லவும். ஓர் ஆசிரியரிடமோ, நன்றாக வாதாடும் அத்தை, சித்தப்பாவிடமோ கட்டுரையைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்? எப்படித் தெரியும்?' என்று கேட்கச் சொல்லவும்.

அந்த ஒரு மணி நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அதுவும் ஒரு விடைதான். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், வேறு நல்ல படிப்புகள் நிறைய இருக்கின்றன. முடிந்த பிறகும், 'நான் சொன்னதில் அந்த இடம் இடிக்குதே' என்று ராத்திரி சாப்பாட்டு நேரத்திலும் அதையே பேசிக்கொண்டிருந்தால், யூகாஸ் தளத்தைத் திறக்கலாம். கடைசித் தேதி அக்டோபர் 15.